பன்னிரண்டு லட்சம் பேருக்கு ஒரே நாற்காலி!

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகை நிறுத்துக் கொண்டிருக்கும் ஒரு தாயாரிடம், "உங்கள் பையன் பட்டாளத்தில் சேர்ந்து விட்டானாமே!" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாளின் முகம் கூடையிலுள்ள பூவை விட அதிகமாக மலரும். பக்கத்தில் நிற்கும் பாட்டி சும்மா இருப்பாளா? "பெரிய ஜெனரலாக வரட்டும்!" என்று கையை உயர்த்தி வாழ்த்துவாள்.

ஆசீர்வாதத்துக்குக் காசா, பணமா? தாராளமாக வாழ்த்தட்டும். ஆனால் அந்த ஆசீர்வாதம் பலிப்பது எத்தனை அபூர்வம் என்பது பாட்டிக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது.

இந்தியத் தரைப் படையில் இருப்பவர்கள் பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் அதிகாரிகள் சுமார் நாற்பதாயிரம் பேர். அத்தனை பேருக்கும் மேலே ஜெனரல் என்ற பட்டத்துடன் படைக்குத் தலைமை வகித்து அமர்ந்திருப்பவர் ஒரே ஒருவர்தான். இரண்டாவது நாற்காலி கிடையாது. சிபாரிசு பிடித்தாலும் கிடையாது. சண்டை போட்டாலும் கிடையாது!

இவ்வளவு பெரிய தேசம் இந்த விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம் செய்கிறது? இதில் நம் வீட்டு க்ஷேமமும் அடங்கியிருக்கிறது. ஆகையால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஏணியும் அதன் படிகளும்

முதலில் ஏணியைப் பார்ப்போம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்த விவரம் மிகவும் உபயோகப்படும். "மாப்பிள்ளை மேஜர்" என்று தரகர் சொன்னால், அவரையும் மேஜர் ஜெனரலையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது அல்லவா?

ஜவானாகச் சேருகிறவர்கள் நாயக், ஹவில்தார், சுபேதார் என்று படிப்படியாக உயர்கிறார்கள். கெட்டிக்கார ஜவான்கள் பரீட்சை எழுதித் தேறி அதிகாரிகளாவதற்கும் வழி உண்டு. அதிகாரியாகவே சேருகிறவர் லெப்டினன்ட். இரண்டு வருஷத்தில் காப்டன். ஆறு வருஷத்தில் மேஜர். பதின்மூன்று வருஷத்தில் லெப்டினன்ட் கர்னல். வேலையில் குற்றம் குறை இல்லாமல், வேண்டிய பரீட்சைகளிலும் தேறிவிட்டால் இதுவரை காலண்டரே தூக்கிக் கொண்டுபோய் விட்டுவிடும்.

அதற்கு மேலேதான் கஷ்டம். கர்னல் பதவியிலிருந்து தேர்வுக் குழு குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே வருஷத்தில் சேர்ந்த அதிகாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவர் மேலே போகலாம், இவர் இங்கேயே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்கிறது. கர்னலுக்கு மேலே பிரிகேடியர். அவருக்கு மேலே மேஜர் ஜெனரல். இவர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர். அதற்கும் மேலே லெப்டினன்ட் ஜெனரல்; இவர்கள் ஏறக்குறைய தொண்ணூறு பேர். இந்தத் தொண்ணூறிலும் பிராந்தியப் படைகளுக்கும் பயிற்சிப் படைக்கும் தலைவர்களாகக் கூடியவர்கள் ஏழே பேர். உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், புனா, லக்னோ, கல்கத்தா, சிம்லா ஆகிய ஏழு ஊர்களில் அவர்களுடைய தலைமையகங்கள் இருக்கின்றன.

அந்த ஏழு பேருக்கும் மேலேதான் அந்த ஒற்றை நாற்காலி!

"சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக இப்படிச் செய்கிறார்களோ?" என்று கேட்பீர்கள். இல்லை. 2016 முதல் அமலான ஊதிய விகிதத்தைப் பாருங்கள். ஜெனரலுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 2,50,000 ரூபாய். அவருக்கு அடுத்த படியில் இருக்கும் பிராந்தியத் தளபதிக்கு 2,25,000 ரூபாய். வித்தியாசம் வெறும் 25,000 ரூபாய்தான். இன்னும் பத்து ஜெனரல்களை நியமித்தாலும் சர்க்கார் கஜானா காலியாகிவிடாது. ஆகவே காரணம் பணம் அல்ல.

வயது என்னும் வாயிற்காப்போன்

ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. கர்னலாகவே நின்றுவிட்டவர் 54 வயதில் வீட்டுக்குப் போக வேண்டும். பிரிகேடியர் 56-ல். மேஜர் ஜெனரல் 58-ல். லெப்டினன்ட் ஜெனரல் 60-ல். படைத் தலைவருக்கு மட்டும் மூன்று வருஷம் அல்லது 62 வயது. இவற்றில் எது முந்துகிறதோ அது.

1999-ம் வருஷம் கார்கில் மலைகளில் யுத்தம் நடந்தது அல்லவா? பதினாறாயிரம், பதினெட்டாயிரம் அடி உயரத்தில், மூச்சு முட்டும் குளிரில், படைப் பிரிவை முன்னின்று நடத்துகிறவருக்கு இளம் வயது அவசியம் என்பது அப்போது நன்றாக உறைத்தது. 2001-ல் அஜய் விக்ரம் சிங் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். படைப் பிரிவுத் தலைவர்களின் வயதைக் குறைக்கவும், கீழ்ப் படிகளில் சீக்கிரம் உயர்வு கொடுக்கவும் அது வழி சொன்னது. 2004 முதல் அது அமலுக்கு வந்தது. கீழே ஏணி அகலமாயிற்று. மேலே குறுகலாகவேதான் இருக்கிறது.

இந்தக் கடிகாரத்தின் பொல்லாத்தனத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜெனரல் வி.கே. சிங் படைத் தலைவராக இருந்தபோது அவருடைய பிறந்த வருஷம் 1950-ஆ, 1951-ஆ என்று பெரிய விவகாரம் கிளம்பியது. ராணுவத்தின் ஒரு பிரிவில் ஒரு தேதியும் மற்றொரு பிரிவில் வேறொரு தேதியும் பதிவாகியிருந்தன. 2012-ம் வருஷம் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிற்று. முடிவில் அவர் மனுவை வாபஸ் வாங்கிக் கொண்டு, அதே வருஷம் மே மாதம் ஓய்வு பெற்றார். ஒரு வருஷ வித்தியாசத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைக்காதீர்கள். நாற்காலி ஒன்றாக இருக்கும்போது, அதில் ஒருவர் ஒரு வருஷம் கூட உட்கார்ந்தால் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் கலைந்துவிடும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழைச் சரியாக வாங்கிப் பத்திரப்படுத்தாத தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

வரிசையில் முதலில் நின்றும் நாற்காலி கிடைக்காதவர்களும் உண்டு. 1983-ல் மூப்பின்படி லெப்டினன்ட் ஜெனரல் எஸ்.கே. சின்ஹா படைத் தலைவராக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சர்க்கார் ஏ.எஸ். வைத்யாவைத் தேர்ந்தெடுத்தது. சின்ஹா என்ன செய்தார்? ராஜிநாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு டில்லித் தெருவில் இறங்கவில்லை. பிற்காலத்தில் அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் கவர்னராக இருந்தார். ஒரு தளபதிக்கு ஏமாற்றம் நேரும்போது அவர் ராஜிநாமாக் கடிதம் எழுதுகிற தேசமும் உண்டு. துப்பாக்கியைத் தூக்குகிற தேசமும் உண்டு. நம்முடையது முதல் ரகம். அது தானாக அப்படி அமைந்துவிடவில்லை.

திண்டுக்கல் மலை சொல்லும் பாடம்

எப்படி அமைந்தது என்று அறிய டில்லிக்கு ரயில் ஏற வேண்டாம். நிலக்கோட்டையிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கி, அந்த மொட்டைப் பாறை மீதுள்ள கோட்டையை அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஒரு காலத்தில் இந்தச் சீமை முழுவதும் பாளையப்பட்டுகளாக இருந்தது. நிலக்கோட்டையும் ஒரு பாளையந்தான். பாளையத்துக்குப் பாளையம் ஒரு தலைவர். தலைவருக்குத் தலைவர் ஒரு சொந்தப் படை. யாரும் யாருக்கும் அடங்க வேண்டியதில்லை. தளபதிகள் பலராகிவிட்டால் என்ன ஆகும்? எதிரி வரும்போது ஒருவர் வடக்கே பார்ப்பார். ஒருவர் தெற்கே பார்ப்பார். ஒவ்வொரு பாளையமாக விழுந்தது.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தைப் பாருங்கள். 1755-ம் வருஷம் மைசூர் ராஜ்யத்தார் திண்டுக்கல்லுக்கு ஒரு பௌஜ்தாரை அனுப்பினார்கள். அவர் பெயர் ஹைதர் அலி. சாதாரணக் குதிரைப் படை வீரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மகா சாமர்த்தியசாலி. சுற்றுவட்டாரப் பாளையங்களை அடக்கினார். பணம் சேர்த்தார். பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்துத் திண்டுக்கல்லிலேயே பீரங்கிக்கும் வெடிமருந்துக்கும் தொழிற்சாலை வைத்தார். படை பெருகிற்று. ஆறே வருஷம்! 1761-ல் மைசூர் ராஜ்யமே அவர் கைக்குள் வந்துவிட்டது. ராஜா அரண்மனையில் இருந்தார், தசராவுக்குக் கொலு வீற்றிருந்தார், அவ்வளவுதான். அதிகாரம் முழுவதும் தளபதியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹைதர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. கணவனை இழந்து நின்ற சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் சீமையில் புகலிடம் கொடுத்தவர் அவர்தான். நாட்டை மீட்கப் படை கொடுத்து உதவியவரும் அவர்தான். ஆனால் ஒரு தளபதி நல்லவரா, கெட்டவரா என்பதைப் பொறுத்து ஒரு ராஜ்யத்தின் தலைவிதி அமையலாமா? வீட்டுச் சாவியை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அவர் நல்லவராக இருக்க வேண்டுமே என்று தினமும் சாமி கும்பிட்டுக் கொண்டிருக்க முடியுமா? பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, தளபதிகள் அதிகமானால் ஒழுங்கு போயிற்று. ஒரு தளபதி அளவுக்கு மீறி உயர்ந்தால் ராஜாவே போயிற்று. இரண்டையும் நம் திண்டுக்கல் சீமை கண்ணால் பார்த்திருக்கிறது. சுதந்திர இந்தியா இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில்தான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாளிகை கை மாறியது

வெள்ளைக்காரர் ஆட்சியில், வைஸ்ராய்க்கு அடுத்தபடி பிரதம தளபதிதான். டில்லியில் அவர் வசித்த பிரம்மாண்டமான மாளிகை 1930-ல் கட்டியது. சுதந்திரம் வந்த பிறகு அந்த மாளிகை யாருக்குப் போயிற்று தெரியுமா? 1948-ல் பிரதம மந்திரி நேருஜி அதில் குடியேறினார். தீன்மூர்த்தி பவனம் என்று நாம் சொல்வது அதைத்தான். ஒரு வீடு மாறிய சங்கதிதான். ஆனால் வீட்டில் யார் பெரியவர் என்பதை ஊருக்கே சொல்லாமல் சொல்லிவிட்டது.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், முப்படைகளின் உச்சத் தலைமை ஜனாதிபதிக்கே உரியது என்று எழுதி வைத்தது. அதாவது சீருடை அணியாதவருக்கு! 1955-ல் இன்னொரு காரியம் செய்தார்கள். 'பிரதம தளபதி' என்ற பட்டத்தையே எடுத்துவிட்டு, தரைப் படை, கப்பற் படை, விமானப் படை மூன்றுக்கும் தனித்தனியே 'படைத் தலைவர்' என்ற பதவியை வைத்தார்கள். 

கப்பற் படையிலும் விமானப் படையிலும் ஆரம்பத்தில் நான்கு நட்சத்திரப் பதவியே இல்லை. செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி 1958-ல் கப்பற் படையின் முதல் இந்தியத் தலைவரானார். அவருடைய பதவி வைஸ் அட்மிரல், மூன்று நட்சத்திரந்தான். விமானப் படைத் தலைவருக்கு 1966-லும், கப்பற் படைத் தலைவருக்கு 1968-லுந்தான் நான்காவது நட்சத்திரம் கிடைத்தது.

பிறகு வெகு காலம் தேசம் முழுவதிலும் மூன்றே நான்கு நட்சத்திரத் தளபதிகள். யுத்த காலத்தில் மூன்று படைகளும் ஒரே மனத்தோடு வேலை செய்ய வேண்டும் என்பதற்காக 2020 ஜனவரி முதல் தேதி முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவியை ஏற்படுத்தினார்கள். முதலில் அமர்ந்தவர் ஜெனரல் பிபின் ராவத். அவரும் அவருடைய மனைவியும் மற்றவர்களும் 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் உயிர் நீத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இந்தப் பதவிக்கும் நட்சத்திரம் நான்குதான். ஐந்தாவது கொடுக்கவில்லை. சமமானவர்களுக்குள் முதல்வர், அவ்வளவே. இதிலும் அந்தப் பழைய ஜாக்கிரதைதான்!

ஐந்து நட்சத்திரம் பெற்ற மூவர்

அப்படியானால் ஐந்து நட்சத்திரம் என்று ஒன்று இல்லையா? உண்டு. பீல்டு மார்ஷல் என்பது அதுதான். விமானப் படையில் அதற்குச் சமமானது மார்ஷல் பதவி. சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இந்த உயரத்தை எட்டியவர்கள் மூவரே. கப்பற் படையில் ஒருவர்கூட இல்லை. இந்த மூவருக்கும் அந்தக் கௌரவம் எப்போது கிடைத்தது என்று கவனித்தால் நம் தேசத்தின் சாமர்த்தியம் விளங்கும்.

முதல்வர் மானேக்ஷா. அவருக்கு முன் படைத் தலைவராக இருந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் புதல்வர். தாயார் ராதாபாய் சுப்பராயன், 1930-ல் லண்டன் வட்ட மேஜை மகாநாட்டுக்குச் சென்ற இரண்டு இந்தியப் பெண்மணிகளில் ஒருவர். குமாரமங்கலம் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரிகளிடம் சிறைப்பட்டு மீண்டவர். 1966 முதல் 1969 வரை படைத் தலைவராக இருந்து, பொறுப்பை மானேக்ஷாவிடம் ஒப்படைத்தார்.

1971 டிசம்பரில் பதின்மூன்று நாள் யுத்தம், சுமார் 93,000 பேர் சரணாகதி, பங்களாதேஷ் பிறந்தது. தேசமே மானேக்ஷாவைக் கொண்டாடியது. 1973 ஜனவரியில் அவரைப் பீல்டு மார்ஷலாக்கினார்கள். அதே மாதம் 15-ம் தேதி அவர் படைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஐந்தாவது நட்சத்திரம் தோளில் ஏறி இரண்டு வாரத்துக்குள் அதிகார நாற்காலி போய்விட்டது!

பிறகு அவர் வந்து தங்கியது நம் குன்னூரில். 2008 ஜூன் 27-ம் தேதி வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். ஊட்டியில் மனைவியின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவரும் உறங்குகிறார். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. ஆயுள் முழுவதும் முழுச் சம்பளம் என்பது சம்பிரதாயம். ஆனால் அந்த மகானுக்குச் சேர வேண்டிய பாக்கி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், 2007-ல்தான் கைக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு! சர்க்கார் பாக்கி எந்த வீட்டுக்குத்தான் நேரத்தில் வந்திருக்கிறது?

இரண்டாமவர் குடகு தந்த கரியப்பா. 1949 ஜனவரி 15-ம் தேதி வெள்ளைக்காரத் தளபதியிடமிருந்து பொறுப்பேற்ற முதல் இந்தியர். அந்த நாளைத்தான் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். 1953-ல் ஓய்வு பெற்றார். பீல்டு மார்ஷல் பட்டம் கிடைத்தது 1986-ல். முப்பத்து மூன்று வருஷம் கழித்து!

அவருடைய மகனும் விமானப் படையில் இருந்தார். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானியரிடம் சிறைப்பட்டார். அப்போது பாகிஸ்தானை ஆண்ட அயூப்கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். மகனை மட்டும் விடுதலை செய்வதாகச் செய்தி அனுப்பினார். தகப்பனார் மறுத்துவிட்டார். சிறைப்பட்ட மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை தம் பிள்ளைக்கும் வேண்டாம் என்பது அவர் முடிவு. அந்தச் சமயத்தில் தகப்பனாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று பிள்ளை பெற்ற நமக்குத்தான் தெரியும்!

மூன்றாமவர் விமானப் படையின் அர்ஜன் சிங். 45 வயதில் விமானப் படைத் தலைவராகி, 1965 யுத்தத்தை நடத்தியவர். 1969-ல் ஓய்வு; 2002-ல் மார்ஷல் பட்டம். டில்லி அருகே இருந்த தம் பண்ணையை விற்று, ஓய்வு பெற்ற விமானப் படைக் குடும்பங்களின் நலனுக்காக இரண்டு கோடி ரூபாய் கொடுத்தார். 2015-ல் நம் ராமேசுவரத்து அப்துல் கலாமின் உடலை டில்லிக்குக் கொண்டு வந்தபோது, 96 வயது அர்ஜன் சிங் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சல்யூட் செய்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து நட்சத்திரங்கள் சீருடை அணியாத ஒருவருக்கு வைத்த வணக்கம் அது.

பார்த்தீர்களா? ஒருவருக்கு விடைபெறும் வேளையில். மற்ற இருவருக்கும் தலை நரைத்த பிறகு. கௌரவத்தைக் கை நிறையக் கொடுத்தார்கள். அதிகாரத்தோடு சேர்த்து மட்டும் கொடுக்கவில்லை.

அண்டை வீடுகளில்

மற்றத் தேசங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஐந்து நட்சத்திரத்துக்காக 1944-ல் தனிச் சட்டமே செய்தார்கள். ஐசனோவர், மக்ஆர்தர் உள்பட ஒன்பது பேருக்கு மட்டுமே அது கிடைத்தது. 1950-க்குப் பிறகு யாருக்கும் இல்லை. ஆனால் நான்கு நட்சத்திரங்கள் அங்கே பெருகிவிட்டன. 2025 மே மாதம், அவர்களில் ஐந்தில் ஒரு பங்கையாவது குறைக்க வேண்டும் என்று பாதுகாப்பு இலாகாவே உத்தரவு போட்டது. பிரிட்டனில் பீல்டு மார்ஷல் பட்டம் கொடுக்கும் வழக்கத்தையே 1990-களில் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு கௌரவத்துக்காக எப்போதாவது கொடுக்கிறார்கள். இலங்கையில் சரத் பொன்சேகாவுக்கு 2015-ல், அவர் படையிலிருந்து விலகிய பிறகு கொடுத்தார்கள்.

வேறு விதமும் உண்டு. பாகிஸ்தானில் 1958-ல் ஆட்சியைக் கைப்பற்றிய அயூப்கான் அடுத்த வருஷமே பீல்டு மார்ஷல் ஆனார். உகாண்டாவில் 1971-ல் ஆட்சியைப் பிடித்த இடி அமீன், 1975-ல் தமக்குத் தாமே அந்தப் பட்டத்தைச் சூட்டிக் கொண்டார். 2025 மே மாதம் பாகிஸ்தானில் இரண்டாவது பீல்டு மார்ஷல் வந்தார். அவர் பதவியில் இருக்கும் படைத் தலைவர். நட்சத்திரம் தோளில் மின்னுவது அழகுதான். ஆனால் அதைக் குத்தி விடுவது யார் கை என்பதல்லவா முக்கியம்?

பெண்கள் எந்தப் படியில்?

இவ்வளவும் ஆண்பிள்ளைகள் கதை. நம் பெண்கள் எந்தப் படி வரை ஏறியிருக்கிறார்கள்?

2004-ல் டாக்டர் புனீதா அரோரா முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். பிரிவினையின்போது லாகூரை விட்டு அகதியாக வந்த குடும்பத்துப் பெண் அவர். அதே வருஷம் டாக்டர் பத்மா பந்தோபாத்யாயா விமானப் படையின் முதல் பெண் ஏர் மார்ஷல். வங்காளிப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். திருப்பதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2020-ல் டாக்டர் மாதுரி கனித்கர் லெப்டினன்ட் ஜெனரலானபோது ஒரு வேடிக்கை நடந்தது. அவருடைய கணவரும் அதே பதவியில் இருந்தவர். ஒரே வீட்டில் இரண்டு லெப்டினன்ட் ஜெனரல்கள்! அடுப்படியில் யார் யாருக்கு உத்தரவு போட்டார்களோ, அது ராணுவ ரகசியம்!

மூவரும் டாக்டர்கள். படைத் தலைவர் நாற்காலியோ, களத்தில் நின்று போரிடும் பிரிவுகளிலிருந்து வந்தவர்களுக்கே கிடைத்து வந்திருக்கிறது. அந்த வழி நமக்கு மெள்ள மெள்ளத்தான் திறக்கிறது. 1992-ல் சென்னைப் பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளியில் பெண்கள் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர உத்தியோகமும் தலைமைப் பொறுப்பும் கிடைக்க வழி செய்தது. 2023-ல் அதே பரங்கிமலையிலிருந்து ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்குப் போனார்கள். குமாரமங்கலம் வந்தாரே, அதே பீரங்கிப் படை! புனாவுக்கு அருகிலுள்ள தேசிய ராணுவ அகாடமியில் 2022-ல் சேர்ந்த முதல் மாணவிகளில் பதினேழு பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

லெப்டினன்டாகச் சேர்ந்து தலைமை நாற்காலியை அடைய ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகும். ஆகவே நம் காலத்தில் ஒரு பெண் ஜெனரலைப் பார்ப்போமோ, மாட்டோமோ. நம் பேத்திகள் பார்ப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறது.

வீட்டில் ஒரு வார்த்தை

இனி ஒரு முக்கியமான விஷயம். ஏணி மேலே குறுகிப் போவதால் நாற்பதாயிரம் அதிகாரிகளில் மிகப் பெரும்பாலோர் நடுப்படிகளில் நின்றுவிடுகிறார்கள். 54 வயதில் வீட்டுக்கு வரும் கர்னலைப் பற்றி, "ஏதோ தப்புச் செய்திருப்பார், அதனால்தான் மேலே போகவில்லை" என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுக்கிறார்கள். மகள் காலேஜில் படித்துக் கொண்டிருப்பாள். மகனுக்கு வேலை ஆகியிருக்காது. இருபத்தைந்து வருஷம் ஊர் ஊராகப் பெட்டியைக் கட்டி அவிழ்த்த மனைவிக்கு இந்தப் பேச்சு எத்தனை வேதனை! அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. மேலே இடம் குறைவு. அதுவும் வேண்டுமென்றே குறைவு. ஒரு படைக்கு ஒரு தலைமை, அந்தத் தலைமைக்கும் மேலே ஜனங்களின் தலைமை என்று தேசம் வகுத்த ஏற்பாட்டுக்கு அந்தக் குடும்பமும் ஒரு விலை கொடுத்திருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நாம் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் ஜவான் நமக்கு வழி விடுகிறான். நாம் யாருக்குப் போட்டோம் என்று கேட்பதில்லை. முடிவு எப்படி வந்தாலும் ஜெனரல் அதற்கு சல்யூட் செய்கிறார். அந்த ஒரு சல்யூட்டுக்காகத்தான் இத்தனை குறுகலான ஏணி.

ஆகையால் பூச்சந்தைப் பாட்டி வாழ்த்துவதை நிறுத்த வேண்டாம். "ஜெனரலாக வரட்டும்" என்பதோடு, "எந்தப் படியில் நின்றாலும் நல்ல பெயரோடு வீடு திரும்பட்டும்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கொள்ளட்டும். பிறகு அந்தத் தாயாரின் மகளைப் பார்த்தும் அதே ஆசீர்வாதத்தைச் சொல்லட்டும்!